கூலியும் குடிசையும் நீதியும்: விக்டோரியா காலத்து ஆங்கிலச் சிற்றூர்

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு நகருக்கு வடமேற்கே, முப்பது கிலோமீட்டருக்குள், ஈவன்லோடு என்ற சிற்றாற்றை ஒட்டி ஆஸ்காட் என்றொரு ஊர் இருக்கிறது. முழுப்பெயர் ஆஸ்காட்-அண்டர்-விச்வுட். விச்வுட் காட்டின் அடிவாரத்தில் இருக்கும் ஆஸ்காட் என்று பொருள் கொள்ளலாம். ஊர்ப் பொதுத்திடலில் ஒரு மரமும், அதைச் சுற்றி இருக்கைகளும் உண்டு. 1873இல் சிறைக்குப் போன அந்த ஊர்ப் பெண்கள் பதினாறு பேரின் நினைவாகப் போடப்பட்ட இருக்கைகள் அவை. பண்ணைக் கூலிகளின் மனைவியரும் மகள்களுமான அவர்களில் இருவர் கைக்குழந்தையோடு சிறைக்குப் போனார்கள்.

விக்டோரியா காலத்து ஆங்கிலக் கிராமம் எப்படி இயங்கியது என்பதைப் புரிந்துகொள்ள இந்தப் பதினாறு பேரின் கதையைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அவர்கள் செய்தது சின்னக் காரியம். வழியில் வந்த இரண்டு ஆட்களை மறித்து, வேலைக்குப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அதற்கு ஏன் சிறை? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், அந்தக் காலத்துக் கிராமத்தின் எலும்புக்கூடு முழுவதும் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

முதலில் காலத்தைச் சொல்லிவிடுகிறேன். விக்டோரியா அரசி 1837இல் அரியணை ஏறினார், 1901இல் இறந்தார். இடைப்பட்ட அறுபத்து மூன்று ஆண்டுகளைத்தான் விக்டோரியா காலம் என்கிறோம். இந்தக் காலத்தில்தான் இங்கிலாந்து ஆலைகளின் நாடாக மாறியது. 1851ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நகரங்களில் வாழ்பவர்கள் கிராமங்களில் வாழ்பவர்களை முதன்முறையாக எண்ணிக்கையில் மிஞ்சினார்கள். என்றாலும் அப்போதும் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கிராமத்தில்தான் இருந்தார்கள். வரலாற்றில் மான்செஸ்டரின் புகைபோக்கிகள் நிறைய இடத்தைப் பிடித்துக்கொண்டதால் அந்தப் பாதிப் பேரை நாம் மறந்துவிடுகிறோம்.

நிலம் யாருடையது?

ஆங்கிலக் கிராமத்தின் அடிப்படை அலகு பாரிஷ். ஒரு தேவாலயமும், அதன் எல்லைக்கு உட்பட்ட வீடுகளும் வயல்களும் சேர்ந்தது ஒரு பாரிஷ். அது மதத்தின் அலகு மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. பிறப்பு, திருமணம், சாவு எல்லாம் பாரிஷ் பதிவேட்டில் ஏறின. ஏழைகளுக்கு உதவ நிலத்தின்மீதும் வீட்டின்மீதும் விதிக்கப்பட்ட வரியும் பாரிஷ் கணக்கில்தான் வசூலானது. ஒருவன் எந்த ஊர்க்காரன் என்ற கேள்விக்கு, அவன் எந்தப் பாரிஷின் பொறுப்பு என்பதே சட்டம் தந்த பதில்.

இந்த எல்லைக்குள் நிலம் மூன்று அடுக்காக இருந்தது. மேலே நிலக்கிழார். பல ஊர்களில் ஏறக்குறைய எல்லா நிலமும் ஒரே குடும்பத்துக்குச் சொந்தமாக இருக்கும். அவர் ஏர் பிடிப்பதில்லை, நிலத்தைப் பெரிய பெரிய பண்ணைகளாகப் பிரித்துக் குத்தகைக்கு விட்டார். நடுவே இருந்தவர் அந்தக் குத்தகையை எடுத்தவர். ஆங்கிலத்தில் ஃபார்மர் என்பது இவரைத்தான். தமிழில் விவசாயி என்று பெயர்த்தால், சொந்தக் காணியில் தானே உழைக்கும் ஒருவர் நம் மனத்தில் வந்து நிற்கிறார். இவரோ நூற்றுக்கணக்கான ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, குதிரைகளும் ஆட்களும் வைத்துப் பண்ணை நடத்திய முதலாளி. அதனால் இங்கே அவரைப் பண்ணைக்காரர் என்றே சொல்கிறேன். மூன்றாவது அடுக்கில் இருந்தவர் நிலமே இல்லாத கூலியாள். ஊரில் பெரும்பாலானவர்கள் இவர்கள்தான். கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் தொழில் என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாக இந்த ஒரே தொழிலை எழுதிச் சலித்து, ‘ஆக் லேப்’ (அக்ரிகல்ச்சுரல் லேபரர், அதாவது விவசாயக் கூலியாள்) என்று இரண்டு துண்டுச் சொற்களாகச் சுருக்கிக்கொண்டார்கள். ஆங்கிலேயர்கள் இன்று தங்கள் முன்னோரைத் தேடிப் பழைய கணக்கெடுப்புத் தாள்களைப் புரட்டும்போது, மிகப் பலருக்குக் கிடைப்பது இந்த இரண்டு துண்டுச் சொற்கள்தான்.

கூலியாளிடம் நிலமே இல்லாமல் போனது எப்படி? ஒரு காலத்தில் ஊரைச் சுற்றி மேய்ச்சல் நிலமும் புதர்க்காடும் இருந்தன. நிலமில்லாதவனுக்கும் அங்கே ஒரு பசுவை மேய்க்கவோ, சுள்ளி பொறுக்கவோ, வாத்து விடவோ வழக்கத்தின் பேரில் உரிமை இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நூறு ஆண்டுகளில் நாலாயிரம் அளவிலான தனித்தனிச் சட்டங்களை நாடாளுமன்றம் நிறைவேற்றி, இந்தப் பொது நிலங்களையும் திறந்த வயல்களையும் வேலியடைத்து தனியாருக்குப் பிரித்துக் கொடுத்தது. பத்திரம் வைத்திருந்தவர்களுக்குப் பங்கு கிடைத்தது. வழக்கத்தை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆஸ்காட்டின் பெயரில் இருக்கும் விச்வுட் காடும் தப்பவில்லை. அரசரின் வேட்டைக்காடாக இருந்த அது 1850களில் சட்டப்படி காடு என்ற நிலையை இழந்தது. பெரும்பகுதி வெட்டப்பட்டுப் புதிய பண்ணைகளாயிற்று. அடுப்புக்குச் சுள்ளி கொடுத்த காடு கோதுமை வயலானபோது, சுற்றியிருந்த ஊர்களின் கூலிக்காரர்களுக்கு வாரக்கூலியைத் தவிர வேறு ஆதாரம் இல்லாமல் போனது.

பன்னிரண்டு ஷில்லிங்

அந்த வாரக்கூலி எவ்வளவு? அன்றைய கணக்கில் ஒரு பவுனுக்கு இருபது ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ். 1870களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் தெற்கிலும் நடுப்பகுதியிலும் ஒரு பண்ணைக் கூலியாளுக்கு வாரத்துக்குப் பன்னிரண்டு ஷில்லிங்கை ஒட்டிக் கிடைத்தது. பல இடங்களில் அதுவும் இல்லை. ஆலைகளும் சுரங்கங்களும் இருந்த வடக்கில் நிலைமை மேல். அங்கே ஆள் வேண்டுமென்றால் பண்ணைக்காரர் ஆலைக்காரரோடு போட்டி போட வேண்டியிருந்தது.

அந்தப் பணத்தில் பெரும்பகுதி ரொட்டிக்குப் போய்விடும். கொல்லையில் விளைந்த உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, ஒரு பன்றி வளர்க்க முடிந்தால் அதன் உப்பிட்ட கொழுப்பிறைச்சி, அடிக்கடி தேநீர். இவ்வளவுதான் உணவு. அறுவடைக்காலம்தான் ஆண்டின் ஒரே செழிப்பான காலம். அப்போது கூடுதல் கூலி வரும், அதில்தான் குடும்பத்துக்குச் செருப்பு வாங்குவார்கள். அறுவடை முடிந்த வயலில் பெண்களும் குழந்தைகளும் இறங்கிச் சிந்திய கதிர்களைப் பொறுக்குவார்கள். ஒரு குடும்பம் பொறுக்கிய கோதுமை பல வாரங்களுக்கு மாவாகும்.

கணவனின் கூலி போதாததால் எல்லோரும் உழைத்தார்கள். சிறுவர்களின் முதல் வேலை பெரும்பாலும் காக்கை விரட்டுவது. பின்னாளில் இந்தக் கூலிக்காரர்களின் தலைவராக வரப்போகும் ஜோசப் ஆர்ச், வாரிக்‌ஷயரில் ஒன்பது வயதில் அப்படித்தான் தொடங்கினார். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம் விதைத்த வயலில் நின்று பறவைகளை ஓட்டினால் நான்கு பென்ஸ். ஆஸ்காட் பக்கத்துப் பெண்களுக்கு வேறொரு தொழில் இருந்தது, கையுறை தைப்பது. உட்ஸ்டாக், சார்ல்பரி ஆகிய ஊர்களில் தோலை வெட்டிக் கட்டுக் கட்டாகச் சுற்றியிருந்த ஊர்களுக்கு அனுப்புவார்கள். பெண்கள் வீட்டு வாசலில் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்து கையால் தைப்பார்கள். தோலைப் பிடித்துக்கொள்ள, காலால் மிதித்து மூடித் திறக்கும் ஒரு மரக்கிடுக்கி உண்டு. அதன் வாயில் சீப்புப்பல் போன்ற பித்தளைப் பற்கள் இருக்கும். பல்லுக்கு ஒரு தையல் என்று ஊசியைச் செலுத்தினால் தையல் ஒரே சீராக விழும். இந்தக் கருவிக்கு அவர்கள் வைத்த பெயர் கழுதை. நகரத்துச் சீமாட்டி அணிந்த மென்மையான கையுறையின் தையல், மண்தரைக் குடிசையில் ஒரு கழுதையின் பற்களுக்கு இடையே போடப்பட்டதாக இருக்கலாம்.

குடிசையும் சொந்தமில்லை. பல கூலியாட்கள் குடியிருந்த வீடு அவர்கள் வேலை பார்த்த பண்ணைக்கே உரியது. வேலை போனால் வீடும் போகும். கூலி உயர்த்திக் கேட்க வாய் திறக்கும் ஒருவன் தன் குழந்தைகளின் கூரையையும் பணயம் வைத்துத்தான் திறக்க வேண்டும். வீடுகளே போதாத ஊர்களும் இருந்தன. ஏழைகளைப் பராமரிக்கும் வரி 1865 வரை அந்தந்தப் பாரிஷின் தலையில் இருந்ததால், சில நிலக்கிழார்கள் தங்கள் எல்லைக்குள் குடிசைகளைக் கட்டாமலும், இருந்தவற்றை இடித்தும் கூலியாட்களை வெளியே தள்ளினார்கள். ஆள் குடியிருந்தால்தானே நாளைக்கு அவனுக்குப் படியளக்க வேண்டும்! இப்படிப்பட்டவற்றை மூடிய ஊர்கள் என்று வரலாற்றாசிரியர்கள் அழைக்கிறார்கள். அங்கே வேலை செய்தவர்கள் நெரிசல் மிகுந்த திறந்த ஊர்களில் குடியிருந்து, தினமும் பல மைல் நடந்து வந்து போனார்கள். இன்று சுற்றுலாப் படங்களில் வரும் சில அழகான, அமைதியான ஆங்கிலச் சிற்றூர்களின் அமைதி இப்படி வந்ததுதான்.

வேலையும் இல்லை, உடம்பும் ஓய்ந்துவிட்டது என்றால்? 1834ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம் அதற்கு ஒரு விடை வைத்திருந்தது. பல பாரிஷ்களை ஒன்றியமாகச் சேர்த்து, ஒன்றியத்துக்கு ஒரு ஏழைகள் விடுதி. உள்ளே சோறும் படுக்கையும் உண்டு. ஆனால் வெளியே மிகக் குறைந்த கூலிக்கு உழைப்பவனின் வாழ்வைவிட உள்ளே வாழ்வு மோசமாக இருக்க வேண்டும் என்பது சட்டத்தை வகுத்தவர்களின் கொள்கை. அப்போதுதான் யாரும் எளிதில் உள்ளே வர மாட்டார்களாம். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், குழந்தைகள் இன்னொரு பக்கம் என்று பிரித்து வைத்தார்கள். ஐம்பது ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்த கிழவனும் கிழவியும் வாசலிலேயே பிரிக்கப்படுவார்கள் என்ற அச்சம் ஒவ்வொரு குடிசையிலும் இருந்தது. விக்டோரியா காலத்தைப் பற்றிப் படிக்கும்போது என்னால் ஆறுதலாகக் கடக்க முடியாத இடம் இது.

தேவாலயத்தின் சாவித்துவாரம்

இந்த அடுக்குகளெல்லாம் ஒன்றாகக் கூடும் இடம் ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயம். ஜோசப் ஆர்ச் முதுமையில் எழுதிய தன் வரலாற்றில் ஒரு காட்சியைச் சொல்கிறார். அவருக்கு அப்போது ஏழு வயது. பார்ஃபோர்டு என்ற அவருடைய ஊரில் பீடத்தருகே அப்பமும் திராட்சை ரசமும் பெறும் நற்கருணை ஆராதனைக்குப் பெரியவர்கள் மட்டும் உள்ளே இருந்தார்கள். வெளியே நின்ற சிறுவன் கதவின் சாவித்துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தான். முதலில் நிலக்கிழார் எழுந்து பீடத்துக்குப் போனார். அவர் திரும்பிய பின் பண்ணைக்காரர்கள் போனார்கள். அடுத்து கடைக்காரர்களும் கைவினைஞர்களும். எல்லோரும் முடித்த பிறகு, கடைசியாக, முரட்டுத்துணி அங்கி அணிந்த கூலிக்காரர்கள். அவர்களில் அவன் அப்பாவும் இருந்தார். கடவுளின் முன்னாலுமா இந்த வரிசை என்று அந்தச் சிறுவனுக்கு மனம் கொதித்தது. வளர்ந்த பிறகு அவர் அந்த ஆராதனையை விட்டு விலகி, கூலிக்காரர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் தங்களுக்குள்ளேயே போதகர்களை உருவாக்கிக்கொண்ட பிரிமிட்டிவ் மெதடிஸ்ட் சபையில் சேர்ந்தார். அங்கேதான் மேடையில் பேசப் பழகினார்.

பாதிரியார் ஆன்மிகத்தோடு நின்றுவிடவில்லை. குளிர்காலத்தில் ஏழைகளுக்கு நிலக்கரியும் போர்வையும் சூப்பும் கொடுக்கும் தருமம் பெரும்பாலும் அவர் வீட்டு வழியாகத்தான் வந்தது. யார் தகுதியானவர் என்று முடிவு செய்ததும் அந்த வீடுதான். ஊர்ப் பள்ளிக்கூடமும் பல இடங்களில் அவர் பொறுப்பு. இவற்றோடு, சம்பளம் இல்லாத கௌரவ நீதிபதிப் பதவியும் அக்கம்பக்கத்து நிலக்கிழார்களுக்கும் பாதிரியார்களுக்குமே போனது. சிறு குற்றங்களை அவர்களே விசாரித்து, அவர்களே தண்டித்தார்கள். கூலி தருபவர், வீடு தருபவர், தருமம் தருபவர், தண்டனை தருபவர் எல்லோரும் ஒரே விருந்து மேசையில் உட்காரும் நண்பர்கள். இதைப் பிடித்துக்கொண்டால் ஆஸ்காட்டில் நடந்தது விளங்கிவிடும்.

பன்றி அறுக்கும் பலகையும் லாந்தர்களும்

1872 பிப்ரவரி 7ஆம் தேதி மாலை. வாரிக்‌ஷயரில் வெல்ஸ்போர்ன் என்ற ஊரின் கஷ்கொட்டை மரத்தடியில் பேச வரும்படி சில கூலிக்காரர்கள் ஆர்ச்சைக் கேட்டிருந்தார்கள். அவருக்கு அப்போது வயது நாற்பத்தைந்து. வேலி வெட்டுவதில் பெயர் எடுத்த தொழிலாளி, சொந்தக் குடிசை உள்ளவர். அந்தக் கடைசி விஷயம் முக்கியமானது, அவரை யாரும் வீட்டைவிட்டுத் துரத்த முடியாது. முப்பது நாற்பது பேர் வருவார்கள் என்று எண்ணிப் போனார். இருட்டிலும் ஈரத்திலும் வந்து நின்றவர்கள் இரண்டாயிரத்தை நெருங்கினார்கள் என்று பின்னாளில் எழுதினார். மேடை கிடையாது. பன்றி அறுக்கும் பலகை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். அவரைக்கொடி படரும் கழிகளில் லாந்தர்களைத் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வெளிச்சத்தில் பலகைமேல் ஏறி நின்று அவர் சங்கத்தைப் பற்றிப் பேசினார்.

கேட்டது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. வாரத்துக்குப் பன்னிரண்டு ஷில்லிங்கைப் பதினாறாக்க வேண்டும், வேலை நேரத்துக்கு ஒரு வரம்பு வேண்டும். அவ்வளவுதான். அதே ஆண்டு மே மாதம் லெமிங்டன் நகரில் தேசிய விவசாயத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1874 வாக்கில் அதன் உறுப்பினர்கள் 86,000 அளவுக்கு வளர்ந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத, கிராமம் கிராமமாகச் சிதறிக் கிடந்த, வீடிழக்கும் பயத்தில் வாழ்ந்த மக்கள் இரண்டே ஆண்டுகளில் இப்படித் திரண்டார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன், 1834இல், டார்செட்டின் டால்படில் என்ற சிற்றூரில் ஆறு கூலிக்காரர்கள் சங்கம் வைத்து உறுதிமொழி எடுத்ததற்காக ஏழு ஆண்டு தண்டனையோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அந்த நினைவு கிராமங்களில் ஆறாமல் இருந்த காலம் இது. அதை மீறித்தான் இவர்கள் தொப்பியில் சங்கத்தின் நீல நாடாவைக் குத்திக்கொண்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை

சங்கம் ஆஸ்காட்டுக்கும் வந்தது. 1873 வசந்தத்தில் அங்கே கூலி உயர்வு கேட்ட தகராறில், கிரவுன் பண்ணையை நடத்திய ராபர்ட் ஹாம்பிட்ஜிடம் சங்கத்து ஆட்கள் வேலை செய்யவில்லை. பருவம் கடந்துகொண்டிருந்தது. பக்கத்து ஊரான ராம்ஸ்டனிலிருந்து இரண்டு இளைஞர்களை அவர் வேலைக்கு அமர்த்தினார்.

மே 12, திங்கட்கிழமை. வேலைக்கு வந்த அந்த இரண்டு பேரையும் ஊர்ப் பெண்கள் வழியில் எதிர்கொண்டார்கள். போகாதீர்கள், திரும்பி வாருங்கள், சங்கத்தில் சேருங்கள், வாருங்கள் குடிக்க வாங்கித் தருகிறோம் என்று அழைத்தார்கள். பெண்கள் கையில் தடி வைத்து மிரட்டினார்கள் என்று பின்னர் குற்றச்சாட்டு எழுந்தது. ஆனால் அடி விழுந்ததாகவோ காயம் பட்டதாகவோ பேச்சில்லை. இளைஞர்கள் பிறகு போலீஸ்காரர் துணையோடு வேலைக்குப் போனார்கள்.

ஆண்கள் ஏன் வரவில்லை, பெண்கள் ஏன் வந்தார்கள் என்று கேட்கத் தோன்றும். ஆண்கள் மறித்தால் சிறை நிச்சயம் என்று ஊருக்குத் தெரியும். பெண்களை யார் சிறையில் போடப்போகிறார்கள் என்று நினைத்திருக்கலாம். இன்னொன்றையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு ஷில்லிங்கை ஏழு நாளுக்கும் எட்டு வயிற்றுக்கும் பங்கிட்டவர்கள் அவர்கள்தான். கூலி உயர்வு என்ற சொல்லின் பொருளை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?

ஹாம்பிட்ஜ் வழக்குப் போட்டார். மே 21ஆம் தேதி பதினேழு பெண்கள் சிப்பிங் நார்ட்டன் என்ற சந்தை நகரில் விசாரணைக்கு நின்றார்கள். நீதிபதிகள் இருவர், தாமஸ் ஹாரிஸ், கார்ட்டர். இருவருமே பாதிரியார்கள். வழக்கு 1871ஆம் ஆண்டின் குற்றவியல் திருத்தச் சட்டத்தின் கீழ் வந்தது. அந்த ஆண்டு நாடாளுமன்றம் ஒரு கையால் சங்கம் வைப்பதைச் சட்டபூர்வமாக்கி, மறு கையால் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. வேலைக்குப் போகும் ஒருவரை மறிப்பதும் தொல்லை கொடுப்பதும் இதன்படி குற்றம். அபராதம் கட்டிவிட்டு வீடு திரும்ப இதில் வழி கிடையாது, சிறை மட்டும்தான். பதினாறு பெண்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ஏழு பேருக்குப் பத்து நாள், ஒன்பது பேருக்கு ஏழு நாள், கடுங்காவல்.

அவர்களின் பெயர்ப்பட்டியலைப் பார்த்தால், மாஸ், பிராட்லி, ஸ்மித் என்று சில குடும்பப் பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. அக்கா தங்கை, நாத்தனார், ஓரகத்தி, ஒரே சந்தில் குடியிருந்தவர்கள். ஒரு தெருவே சிறைக்குப் போனது என்று சொல்லலாம்.

செய்தி பரவியதும் சிப்பிங் நார்ட்டன் கொந்தளித்தது. அன்று மாலை ஆயிரம் பேர் அளவில் காவல் நிலையத்தைச் சூழ்ந்தார்கள். கற்கள் பறந்தன, சன்னல்களும் தெருவிளக்குகளும் நொறுங்கின. உள்ளூர்ப் போலீசால் சமாளிக்க முடியாமல் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தந்தி அடித்தார்கள். கூட்டம் கலைந்த பின், நள்ளிரவு கடந்து, பெண்களை வண்டியில் ஏற்றி முப்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆக்ஸ்ஃபோர்டு சிறைக்குக் கொண்டுபோனார்கள். மூடாக்கில்லாத வண்டி, இரவுக் குளிர், மடியில் குழந்தைகள். அதில் ஒன்று பிறந்து சில வாரங்களே ஆனது.

தந்தியும் ரயிலும் வந்துவிட்ட காலம் அல்லவா? ஒரு சிற்றூரின் விவகாரம் சில நாள்களில் லண்டன் பத்திரிகைகளுக்குப் போய்விட்டது. நாடாளுமன்றத்தில் உள்துறை அமைச்சரிடம் கேள்வி எழுந்தது. பாதிரியார்கள் நீதிபதியாக உட்காருவது சரிதானா என்ற விவாதம் நாடெங்கும் நடந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இதே சம்பவம் நடந்திருந்தால் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குக்கூடச் செய்தி எட்டியிருக்காது என்று நினைக்கிறேன். ஆஸ்காட்டில் 1853 முதல் ரயில் நின்றது. விக்டோரியா காலம் கிராமத்துக்குக் கொடுத்தவற்றுள் மிகப் பெரியது ஒருவேளை இதுதான்.

விடுதலையான பெண்களை ஊர் வரவேற்றது. சங்கத்தின் ஆதரவாளர்களிடம் திரண்ட 80 பவுனை ஆளுக்கு ஐந்து பவுனாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஐந்து பவுன் என்றால் நூறு ஷில்லிங், ஒரு கூலியாளின் எட்டு வாரச் சம்பளத்துக்கும் மேல். விக்டோரியா அரசி ஒவ்வொருத்திக்கும் சிவப்புக் கம்பளிப் பாவாடையும் ஐந்து ஷில்லிங்கும் அனுப்பினார் என்று ஊரில் ஒரு கதையும் வழங்குகிறது. சட்டத்தைப் பற்றிக் கதை தேவையில்லை, ஆவணமே இருக்கிறது. பெண்களைச் சிறைக்கு அனுப்பிய 1871ஆம் ஆண்டுச் சட்டம் 1875இல் நீக்கப்பட்டது. அதன் இடத்தில் வந்த சட்டம், வேலைநிறுத்தத்தின்போது வாசலில் நின்று அமைதியாகச் செய்தி சொல்ல இடம் கொடுத்தது. நாடெங்கும் தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகளாக நடத்திய போராட்டத்தின் பலன் அது. ஆஸ்காட் அந்தப் போராட்டத்துக்கு எல்லோருக்கும் புரியும் ஓர் எடுத்துக்காட்டைத் தந்தது.

அதற்குப் பிறகு

சங்கத்தின் கதை வெற்றியாகவே தொடரவில்லை. 1874இல் கிழக்கு மாவட்டங்களின் பண்ணைக்காரர்கள் ஒன்றுகூடி, சங்க உறுப்பினர்களை வேலையிலிருந்து கூட்டமாக வெளியே நிறுத்தினார்கள். சங்கத்தின் நிதி கரைந்தது. அதன்பின் அமெரிக்கப் புல்வெளிகளின் மலிவான கோதுமை கப்பலில் வந்து குவிந்தது. 1879இல் ஓயாத மழை விளைச்சலையும் அழித்தது. பண்ணைக்காரர்களே நொடித்துப்போனார்கள், கோதுமை வயல்கள் புல்தரையாயின, புல்தரைக்கு ஆள் தேவையில்லை. இளைஞர்கள் ரயிலேறி நகரத்துக்குப் போனார்கள்.

கடல் கடந்து போனவர்களும் ஏராளம். குடிபெயர்வதைச் சங்கமே ஊக்குவித்தது. ஊரில் ஆள் குறைந்தால் மிச்சமிருப்பவர்களுக்குக் கூலி உயரும் என்பது கணக்கு. ஆர்ச் 1873இல் கனடாவுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஆஸ்காட்டின் அடுத்த ஊரான ஷிப்டன்-அண்டர்-விச்வுட்டிலிருந்து ஒரே குடும்பத்தின் உறவினர்கள் பதினேழு பேர் நியூசிலாந்துக்குக் குடிபெயரக் கப்பலேறினார்கள். காஸ்பாட்ரிக் என்ற அந்தக் கப்பல் 1874 நவம்பரில் நன்னம்பிக்கை முனைக்குத் தெற்கே நடுக்கடலில் தீப்பிடித்தது. கப்பலில் இருந்தவர்கள் 470 பேருக்கும் மேல். பிழைத்தவர்கள் மூன்றே பேர். அந்த மூவரில் ஷிப்டன்காரர் ஒருவரும் இல்லை. ஊர்த்திடலில் அவர்களுக்காக 1878இல் எழுப்பிய நீரூற்று இன்றும் நிற்கிறது. பண்ணையில் அரை வயிற்றுக்கு உழைப்பதைவிடப் பூமியின் மறுகோடிக்குப் போவது மேல் என்று பதினேழு பேர் முடிவெடுத்த ஊர் எப்படிப்பட்டதாக இருந்திருக்கும் என்று அந்த நீரூற்றின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எண்ணிக்கொள்கிறேன்.

ஊரிலேயே இருந்தவர்களின் வாழ்வும் மெல்ல மாறியது. 1870ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பள்ளி இல்லாத இடங்களில் பள்ளிகளைக் கொண்டுவந்தது. 1880இல் பத்து வயதுவரை பள்ளிக்குப் போவது கட்டாயமானது. 1891இல் தொடக்கக் கல்விக்கான கட்டணம் பெரும்பாலான பள்ளிகளில் ஒழிந்தது. காக்கை விரட்டிய சிறுவர்கள் சிலேட்டுப் பிடித்தார்கள். 1884இல் கிராமத்துக் கூலிக்காரர்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டே வடமேற்கு நார்ஃபோக் தொகுதியிலிருந்து ஆர்ச் நாடாளுமன்ற உறுப்பினரானார். வேல்ஸ் இளவரசரின் சாண்ட்ரிங்ஹாம் மாளிகை அந்தத் தொகுதிக்குள் இருந்தது. நாலு பென்ஸுக்குக் காக்கை விரட்டியவர் வருங்கால மன்னரின் தொகுதி உறுப்பினர்.

ஆனால் 1884ஆம் ஆண்டின் வாக்குரிமை ஆண்களுக்கு மட்டுமே. ஆஸ்காட்டின் பதினாறு பெண்களுக்கு அதில் பங்கில்லை. நாடாளுமன்றத் தேர்தலில் பெண்கள் வாக்களிக்க 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் கிராமத்துக்கு ஒரு சின்ன மாற்றம் வந்தது. அதுவரை ஊர்க்காரியங்களைத் தேவாலயத்தில் பாதிரியாரின் தலைமையில் கூடிய கூட்டம் முடிவு செய்துவந்தது. 1894ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பொறுப்பை எடுத்து, தேர்ந்தெடுக்கப்பட்ட பாரிஷ் மன்றங்களிடம் கொடுத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நடந்த முதல் தேர்தல்களில் கூலிக்காரர்களும் நிற்கலாம், பெண்களும் நிற்கலாம், இருவரும் வாக்களிக்கலாம். பல ஊர்களில் முதல்முறையாக நிலக்கிழாரின் ஆளும் பண்ணைக்காரரும் வேலி வெட்டுபவரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஊர்க் கிணற்றைப் பற்றியும் நடைபாதையைப் பற்றியும் பேசினார்கள்.